ஆடாதோடைச் சாறு நாலு வயசுப் பையனுக்குக் கொடுக்கலாமா? (வேலியில இருக்கறது அதுதானான்னும் பாத்துச் சொல்லுங்க)

கொங்குச்செல்வி
எல்லாருக்கும் வணக்கம்ங்க. பையனுக்கு நாலு வயசு. எட்டு நாளா இருமல். காய்ச்சல் மூணாம் நாளே விட்டுருச்சு, சாப்பிடறான், விளையாடறான். ராத்திரி படுத்தா மட்டும் லொக்கு லொக்குன்னு ஒரு மணி நேரம். 2025 அக்டோபர்ல மத்தியப் பிரதேசத்துல இருமல் மருந்து குடிச்ச குழந்தைங்க சிறுநீரகம் கெட்டு இறந்துபோன செய்தியப் பாத்ததுல இருந்து எனக்கு அந்த பாட்டிலத் தொடவே கை வரல. வீட்ல இருந்ததையும் கொட்டிட்டேன்.

எங்க அத்தை, "காட்டு வேலியில ஆடாதோடை நிக்குது, நாலு இலையக் கசக்கிப் பிழிஞ்சு தேன்ல குழைச்சுக் குடு, நாங்க நாலு பிள்ளைங்கள அப்படித்தான் வளத்தோம்"ங்கறாங்க. எத்தனை இலை, எவ்வளவு சாறு, எத்தனை நாள்? ஆயுர்வேதம் தெரிஞ்சவங்க யாராச்சும் சொன்னா நல்லாருக்கும். இலையோட படம் போட்டிருக்கேன்.

மேட்டாங்காட்டான்
படத்த பெருசாக்கிப் பாத்தேன் தங்கச்சி. எதிரெதிரா இலை, ஒரு சாண் நீளம், மாவிலை மாதிரி ஆனா மெதுவா இருக்கும், நுனி கூர். கசக்கி மோந்து பாருங்க, பச்சையா ஒரு கெட்ட வாடை அடிக்கணும். மார்கழி, தை வாக்குல பூ விடும்: வெள்ளையா, உள்ளுக்குள்ள கத்திரிப்பூ நிறத்துல கோடு, ரெண்டு உதடா பிளந்துகிட்டு நிக்கும். பூ இருந்தா சந்தேகமே வேண்டாம்.

இன்னொரு சோதனை, ஆட்ட அவுத்து விடுங்க. எங்க பக்கம் கருவேலங்காயில இருந்து காகிதம் வரைக்கும் திங்கற ஆடு, இதுல மட்டும் வாய வைக்காது. ஆடு தொடா இலைங்கறதுதான் ஆடாதோடைனு ஆச்சுன்னு எங்க ஐயன் சொல்லுவாரு. அதனாலதான் வேலியில வைக்கறது. குச்சிய ஒடிச்சு ஊனினா மழைக்கு வந்துரும். எனக்கு இது மருந்தவிட பூச்சிவிரட்டி. வேம்பு, நொச்சி, எருக்கு, ஊமத்தை, இதையும் சேத்து இடிச்சு கோமியத்துல ஊறப் போட்டு வடிச்சு அடிச்சா இலைப்புழு கிட்ட வராது. குழந்தைக்கு அளவு எனக்குத் தெரியாது, டாக்டருங்க சொல்லட்டும்.

அகத்தியன்வழி
யோசிக்கவே வேண்டாம் சகோதரி. ஆடாதோடை தின்றால் பாடாத நாவும் பாடும். நம் முன்னோர் ஆயிரம் ஆண்டு சோதித்துப் பார்த்தது. பக்கவிளைவே கிடையாது. குழந்தை, கர்ப்பிணி, முதியவர் யாரும் எடுக்கலாம். ஐந்து இலை, ஐந்து மிளகு, தேன். மூன்றே நாள்.

வாசா_வைத்தியன்
கோவையில் ஆயுர்வேதம் பார்க்கிறேன், படித்தது கேரளத்தில். அகத்தியன்வழி சொன்னதில் பழமொழி மட்டும் சரி. "பக்கவிளைவே கிடையாது", "கர்ப்பிணியும் எடுக்கலாம்" இரண்டும் தப்பு. அதைப் பிறகு சொல்கிறேன்.

செல்வி, முதலில் பையனைப் பற்றி. காய்ச்சல் விட்டு, சாப்பிட்டு, விளையாடுகிற குழந்தைக்குச் சளிக்குப் பிறகு இரண்டு வாரம், சில நேரம் மூன்று வாரம்கூட இருமல் இழுக்கும். தூங்கும்போது மூச்சை எண்ணுங்கள். ஒன்றிலிருந்து ஐந்து வயதுக்குள் நிமிடத்துக்கு 40 அல்லது அதற்கு மேல் போனாலோ, மூச்சு இழுக்கும்போது விலாவுக்குக் கீழே குழி விழுந்தாலோ இந்த இழையை மூடிவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கள். அது கசாயத்துக்கான நேரம் இல்லை.

அப்படி எதுவும் இல்லையென்றால் படுக்கும் முன் அரை ஸ்பூன் தேன், வெந்நீர் போதும். ஒரு வயதுக்குள் இருக்கும் குழந்தைக்குத் தேன் கூடவே கூடாது, உங்கள் பையனுக்கு நாலு வயது என்பதால் சொல்கிறேன். நீங்கள் பயந்து கொட்டியதில் தவறில்லை. அந்தச் செய்திக்குப் பிறகு மத்திய சுகாதார இயக்ககமே இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு இருமல், சளி மருந்து எழுதக் கூடாது, ஐந்து வயதுக்குக் கீழே பொதுவாகப் பரிந்துரைப்பதில்லை என்று சொல்லியிருக்கிறது. அந்த மருந்தில் கலந்திருந்தது டைஎத்திலீன் கிளைக்கால் என்ற நச்சு. ஆனால் அந்தப் பயத்தில் வேலி இலையை அளவில்லாமல் பிழிந்து கொடுத்தால், ஒரு தெரியாத திரவத்துக்குப் பதில் இன்னொரு தெரியாத திரவம், அவ்வளவுதான்.

பெரியவர்களுக்கு ஆயுர்வேத மருந்துநூல் சொல்லும் அளவு புதுச்சாறு 10 முதல் 20 மில்லி. குழந்தைக்கு வயது, எடை பார்த்துக் குறைப்போம். நேரில் பார்க்காமல் இங்கே எண் எழுத மாட்டேன், மன்னிக்கவும்.

யாழ்ப்பனை
எங்கட பக்கம் இதுக்குப் பேர் பாவட்டை. அம்மம்மா வீட்டு வேலி முழுக்க அதுதான். வாழைக்குலை பழுக்க வைக்கிறதெண்டால் கிடங்கு வெட்டிப் பாவட்டை இலை போட்டு மூடுவினம். தோட்டத்து மண்ணுக்குள்ள பசளையாக் குழை தாழ்க்கவும் அதைத்தான் வெட்டிக்கொண்டு போவினம். இருமலுக்கு இலையைச் சட்டியில வதக்கிப் பிழிஞ்சு தருவா, கசப்பு எண்டால் அப்பிடி ஒரு கசப்பு. பிறகு ஒரு துண்டு பனங்கட்டி. பனங்கட்டிக்காகவே நான் இருமினது உண்டு.

மேட்டாங்காட்டான்
பாவட்டையா? எங்களுக்குப் பாவட்டைன்னா வேற செடியாச்சே. குத்துக்குத்தா வெள்ளைப் பூ, மல்லி மாதிரி வாசம், காப்பிச் செடி சாதி. இலங்கைக்காரர் சொன்னாருன்னு யாராச்சும் நம்மூர்ப் பாவட்டையப் பிழிஞ்சு குடிச்சுராதீங்க சாமி.

யாழ்ப்பனை
ஐயோ, நல்ல காலம் சொன்னீங்கள். நான் இவ்வளவு நாளும் இரண்டு நாட்டிலயும் ஒண்டெண்டுதான் நினைச்சிருந்தன்.

சோதனைக்குழாய்
பெயர்க் குழப்பத்துக்கு ஒரு பழைய கதை. 1670களில் டச்சுக் கம்பெனி மருத்துவராக இலங்கையில் இருந்த பால் ஹெர்மான் இந்தச் செடியை ஊர்ப்பெயரோடு "அதாதோடா" என்றே குறித்து வைத்தார். செடிகளுக்கு அறிவியல் பெயர் வைத்த லின்னேயஸ் 1753-ல் பெயர் சூட்டியபோது அதை விடவில்லை: ஜஸ்டிசியா அதாதோடா. ஆடு தொடாத கதை உண்மையோ பொய்யோ, ஊர்ப்பெயர் உலகத் தாவரவியலில் ஏறி உட்கார்ந்துவிட்டது.

நான் மருந்தியல் சொல்லிக் கொடுப்பவன். எனக்குப் பிடித்த பகுதி இனிதான். இந்த இலையின் சரக்கு வாசிசின் என்ற ஆல்கலாய்டு, அதாவது செடியில் உண்டாகும் ஒரு வேதிப்பொருள். அதை முதலில் பிரித்ததாக 1888-ல் எழுதியவர் டேவிட் ஹூப்பர். எங்கே இருந்தார் தெரியுமா? ஊட்டியில். சென்னை மாகாண அரசின் கொயினா ஆய்வாளர். மலேரியாவுக்காகச் சின்கோனாப் பட்டையைச் சோதிப்பதுதான் சம்பளத்துக்கான வேலை. பக்கத்துக் காட்டில் எதைக் கண்டாலும் வடித்துப் பார்த்துவிடுவார் போல.

பிறகு வாசிசினை முன்மாதிரியாக வைத்து ஜெர்மனியில் செய்த மருந்துதான் புரோம்ஹெக்சின். 1963-ல் விற்பனைக்கு வந்தது. அது உடலுக்குள் போய் மாறும் பொருள்களில் ஒன்றே ஆம்ப்ராக்சால். செல்வி கொட்டிய பாட்டிலின் பின்பக்கம் இந்த இரண்டில் ஒன்று எழுதியிருந்தால் எனக்கு ஆச்சரியமே இல்லை. இரண்டுக்கும் வேலை சளியை இளக்குவது.

அகத்தியன்வழி
பார்த்தீர்களா! நம் சொத்தைத் திருடி, மாத்திரையாக்கி, நமக்கே விற்கிறான். இதற்கு மேல் என்ன சான்று வேண்டும்? இலையில் உள்ளதுதான் மாத்திரையிலும்.

சோதனைக்குழாய்
இல்லை ஐயா, இலையில் உள்ளது மாத்திரையில் இல்லை. வாசிசினின் வடிவத்தைப் பார்த்து, வெட்டி, புரோமின் சேர்த்துக் கட்டிய வேறு மூலக்கூறு அது. பிள்ளைக்கு அப்பன் மூக்கு இருக்கும், ஆனால் பிள்ளை வேறு ஆள். அந்த மருந்துகளுக்கும் குறை உண்டு. 2015-ல் ஐரோப்பிய மருந்து முகமை அரிதாகக் கடுமையான ஒவ்வாமையும் தோல் பாதிப்பும் வரலாம் என்று மருந்தோடு வரும் சீட்டில் சேர்க்கச் சொன்னது. மாத்திரை வேலை செய்வதால் இலை வேலை செய்யும் என்று நிரூபணம் ஆகாது. இலையை இலையாகத்தான் சோதிக்க வேண்டும். "திருட்டு" பற்றி: ஹூப்பர் எழுதியது வெளிப்படையான ஆய்விதழில். நம் ஆள்கள் படித்திருக்கலாம், யார் தடுத்தது?

(சரி, இந்தக் கடைசி வரி கொஞ்சம் அநியாயம்தான். 1888-ல் ஊட்டி ஆய்வுக்கூடத்துக்குள் நம் ஆள்களை யார் விட்டிருப்பார்கள்.)

மட்டுறுத்துநர்
திருட்டு விவாதத்துக்குத் தனி இழை இருக்கிறது. இங்கே செடியைப் பேசுவோம்.

வாசா_வைத்தியன்
நன்றி. செடிக்கு வருகிறேன். ஆயுர்வேதத்தில் இதன் பெயர் வாசா. பூ வாய் பிளந்த சிங்கம் போல இருப்பதால் சிம்மாஸ்யம் என்றும் ஒரு பெயர். இருமல் மருந்தாகவே எல்லோருக்கும் தெரியும். எங்கள் நூல்களில் இதற்கு முதல் வேலை ரக்தபித்தம், அதாவது மூக்கு, வாய், மற்ற வழிகளில் ரத்தம் கசிவது. ஒரு பழைய சுலோகம் எல்லா ஆயுர்வேத மாணவனுக்கும் மனப்பாடம்:

வாஸாயாம் வித்யமானாயாம் ஆசாயாம் ஜீவிதஸ்ய ச
ரக்தபித்தீ க்ஷயீ காஸீ கிமர்த்தம் அவஸீததி

வாசா இருக்கிறது, வாழும் ஆசையும் இருக்கிறது. அப்புறம் ரத்தபித்தக்காரனும் க்ஷயரோகியும் (காசநோயாளி) இருமல்காரனும் எதற்கு மனமுடைய வேண்டும்? சந்தம் அருமை. ஆனால் இந்த வரியை நம்பியே ரத்தம் துப்பிக்கொண்டு ஆறு மாதம் ஆடாதோடை குடித்து, பிறகு எலும்பும் தோலுமாக வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். அதற்குப் பிறகு வகுப்பில் அதைச் சொல்லும்போது ஒரு வரி சேர்த்துக்கொள்வேன்: முதலில் சளிப் பரிசோதனை.

ஏன் ரத்தக் கசிவுக்கு? சுவை கசப்பும் துவர்ப்பும், குணம் லகு (லேசு), வறட்சி, வீரியம் (உடலில் காட்டும் தன்மை) குளிர்ச்சி.  பித்தத்தையும் கபத்தையும் சேர்த்து அடக்கும் சரக்குகளில் இது ஒன்று.

நொச்சித்தைலம்
டாக்டர், சித்த மருத்துவப் பக்கமிருந்து ஒரு குறுக்கீடு. எங்கள் மருந்துநூலான குணபாடத்தில் ஆடாதோடைக்குச் சுவை கைப்பு, தன்மை வெப்பம், பிரிவு (செரித்த பின் சுவை) கார்ப்பு. நீங்கள் குளிர்ச்சி என்கிறீர்கள். ஒரே இலை, ஒரே வேலி!

வாசா_வைத்தியன்
இதைத்தான் எதிர்பார்த்தேன் :) எங்கள் கணக்கில் ரத்தம் கசிவது பித்தச் சூடு. அதை நிறுத்துகிறது, ஆகவே குளிர்ச்சி.

நொச்சித்தைலம்
எங்கள் கணக்கில் நெஞ்சில் உறைந்த கபத்தை அறுக்கிறது, ஆகவே வெப்பம். கட்டின கபத்தைக் குளிர்ச்சி எப்படி இளக்கும்?

வாசா_வைத்தியன்
கசப்பும் வறட்சியும் இளக்கும். வீரியம் ஒன்றுதான் வேலை செய்யும் என்று எங்கே எழுதியிருக்கிறது?

நொச்சித்தைலம்
எழுதியிருக்கவில்லை. ஆனால் மார்கழி விடியற்காலையில் உங்கள் "குளிர்ச்சி"யை மிளகு, திப்பிலி இல்லாமல் யாருக்காவது கொடுப்பீர்களா?

வாசா_வைத்தியன்
மாட்டேன். அங்கே நீங்கள் ஜெயித்தீர்கள்.

நொச்சித்தைலம்
விட்டுக்கொடுத்ததற்கு என் பங்கு: நாங்களும் ரத்தம் துப்பும் நோய்க்கு இதைக் கொடுக்கிறோம். காரணம் சொல்வதில்தான் சண்டை. கொரோனாக் காலத்தில் வீட்டுக்கு வீடு குடித்த கபசுரக் குடிநீரின் பதினைந்து சரக்கில் ஆடாதோடை இலையும் ஒன்று. எங்களிடம் சிறுவர்களுக்கு அதிகம் போவது ஆடாதோடை மணப்பாகு, இனிப்புப் பாகாகக் காய்ச்சியது. அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் சித்தப் பிரிவு இருந்தால் கேட்டுப் பாருங்கள் செல்வி, அங்கே மருத்துவர் பார்த்து அளவு சொல்வார். வேலி இலையைவிட அது மேல். எவ்வளவு போகிறது என்றாவது தெரியும்.

கொங்குச்செல்வி
எல்லாருக்கும் ரொம்ப நன்றிங்க. ராத்திரி மூச்சு எண்ணினேன், 26. குழியெல்லாம் விழல. தேன் குடுத்தேன், கொஞ்சம் பரவால்ல.

இடையில ஒண்ணு கேக்கறேன். அவனுக்குன்னு இலையப் பிழிய எடுத்தப்ப அத்தை எனக்கும் அரை டம்ளர் குடுத்தாங்க, எனக்கும் அவன்கிட்ட இருந்து ஒட்டிகிச்சு. மூணு மாசம் முழுகாம இருக்கறதால மாத்திரை வேண்டாம், பச்சிலைதான் பத்திரம்னு குடிச்சிட்டேன். முந்தாநாளும் நேத்தும். அகத்தியன்வழி ஐயா கர்ப்பிணியும் எடுக்கலாம்னு போட்டிருந்தாரு, டாக்டர் தப்புங்கறாரு. எதுங்க சரி?

வாசா_வைத்தியன்
செல்வி, இனி ஒரு சொட்டு வேண்டாம். இன்றே உங்கள் மகப்பேறு மருத்துவரைக் கூப்பிட்டு, என்ன இலை, எவ்வளவு, எத்தனை முறை என்று அப்படியே சொல்லுங்கள். "பச்சிலை" என்று மூடிப் பேசாதீர்கள், பெயரைச் சொல்லுங்கள். வயிற்று வலி, இடுப்பு இழுப்பு, ரத்தப் போக்கு எது வந்தாலும் போனுக்குக் காத்திராமல் நேரே போங்கள். இரண்டு முறை குடித்ததற்காகப் பயந்து சாக வேண்டாம், ஆனால் சொல்லாமல் இருக்கக் கூடாது.

இதைப் "பிறகு சொல்கிறேன்" என்று தள்ளிப்போட்டது என் தப்பு. அன்றே விளக்கியிருக்க வேண்டும்.

சோதனைக்குழாய்
டாக்டர் சொன்னதற்குக் காரணம், மற்றவர்களுக்காக: வாசிசின் கர்ப்பப்பையைச் சுருங்கச் செய்யும். ஜம்முவில் இருந்த வட்டார ஆய்வுக்கூடத்தில் 1970களில் இதை விரிவாகப் பார்த்தார்கள். பிரசவத்தைத் தூண்டுவதற்கும் பிரசவத்துக்குப் பின் ரத்தப்போக்கைக் கட்டுவதற்கும் பயன்படுமா என்பதுதான் கேள்வி. 1980-ல் அங்கிருந்து வந்த வெளியீட்டின் தலைப்பிலேயே வாசிசினைக் கர்ப்பப்பையைச் சுருக்குவது, கருவைக் கலைக்கக் கூடியது என்று போட்டிருந்தார்கள்.

நொச்சித்தைலம்
ஆய்வுக்கூடத்துக்கு முன்பே தெரிந்த விஷயம் இது. சுகப்பிரசவத்துக்கு இதன் வேரை அரைத்து அடிவயிற்றில் பற்றுப் போடும் குறிப்பு பழைய வைத்திய நூல்களிலேயே இருக்கிறது. எதற்குப் போட்டார்கள் என்று யோசித்தால் எப்போது கூடாது என்பதும் புரியும். முன்னோரைப் பிடித்துக்கொண்டு பேசுகிறவர்கள் முன்னோர் எழுதியதை முழுசாகப் படிக்க வேண்டும். அகத்தியன்வழி, உங்களைத்தான்.

அகத்தியன்வழி
என் பதிவில் அந்த வரியைத் திருத்திவிட்டேன். என் அக்கா நாலு பெற்றவள், குடித்தாள், ஒன்றும் ஆகவில்லை. அதை வைத்துச் சொன்னேன். மன்னிக்கவும் சகோதரி.

மட்டுறுத்துநர்
திருத்தியது நல்லது. பழைய வரியை அழிக்காமல் கோடு போட்டு வைத்திருக்கிறேன், அடுத்து வருபவர் இந்த உரையாடலைப் புரிந்துகொள்ள அது வேண்டும்.

பழையசோறு
நானும் இந்த இழையிலேயே கேட்டுக்கொள்கிறேன். அப்பாவுக்கு 67, சர்க்கரை உண்டு. ஒரு மாதமாக இருமல், இரண்டு தரம் சளியில் ரத்தக் கோடு. நாட்டு மருந்துக் கடையில் வாசாவலேகியம் கொடுத்தார்கள். கூடவே வாசாரிஷ்டமும். எது நல்லது?

வாசா_வைத்தியன்
இரண்டும் பிறகு. இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் என்றாலே சளியைச் சோதிக்க வேண்டும். அதிலும் சர்க்கரை, ரத்தக் கோடு என்றால் நாளைக் காலை அரசு ஆஸ்பத்திரி. காசநோய்ச் சோதனையும் மருந்தும் இலவசம். எக்ஸ்ரேயும் எடுக்கச் சொல்லுங்கள். மேலே சொன்ன சுலோகத்து ஆள் உங்கள் அப்பாதான். நான் சேர்த்துக்கொண்ட வரியும் அவருக்குத்தான்.

கேட்டதற்கும் சொல்லிவிடுகிறேன். வாசாவலேகியம் இலைச்சாற்றைச் சர்க்கரையோடு பாகு காய்ச்சி, நெய், திப்பிலிப் பொடி சேர்த்து, ஆறிய பிறகு தேன் கலப்பது. சர்க்கரை எவ்வளவோ அவ்வளவு தேன். சர்க்கரை நோயாளி இருமலுக்கு ஒரு ஸ்பூன் என்று நினைத்து ஒரு நாளைக்கு மூன்று ஸ்பூன் சர்க்கரைப்பாகு சாப்பிடுகிற கதை. அரிஷ்டம் புளிக்க வைத்தது, தானாக உண்டாகும் சாராயம் 5 முதல் 10 சதவீதம் இருக்கும், பாட்டிலிலேயே போட்டிருப்பார்கள், யாரும் படிப்பதில்லை. குழந்தைகளுக்கு வாங்குகிறவர்களும் அந்தப் பொடி எழுத்தைப் படியுங்கள்.

யாழ்ப்பனை
டொக்டர், அம்மம்மா ஏன் பச்சையாப் பிழியாமல் சட்டியில வதக்கினவ எண்டு எனக்கு எப்பவும் ஒரு கேள்வி.

வாசா_வைத்தியன்
நல்ல கேள்வி! பச்சை இலையை என்னதான் இடித்தாலும் சாறு லேசில் வராது. கையில் பச்சை ஒட்டும், கிண்ணத்தில் நாலு சொட்டு. அதனால் பழைய ஆயுர்வேத நூலாசிரியர் சார்ங்கதரர் இதற்குப் புடபாகம் சொல்கிறார். இலையை அரைத்து உருட்டி, வேறு இலையில் பொதிந்து, மேலே இரண்டு விரல் கனம் மண் பூசி, தணலில் போட வேண்டும். மண் சிவந்ததும் எடுத்து உடைத்துப் பிழிந்தால் வடியும். தேன் சேர்த்துக் கொடுப்பது. கேரளத்தில் ஆசிரியர் ஒருவர் கல்லூரி முற்றத்தில் அடுப்பு மூட்டிச் செய்து காட்டினார். உருண்டையை உடைக்கும்போது வந்த மணம் இன்னும் மூக்கில் இருக்கிறது. உங்கள் அம்மம்மா சட்டியில் செய்தது அதன் குறுக்குவழி. இட்லிப் பானையில் அவித்துப் பிழிகிறவர்களும் உண்டு.

கேரளத்தில் இன்னொரு சங்கதி. அங்கே வைத்தியர்கள் சின்ன இலை உள்ள வகையை, சித்தாடலோடகம் என்பார்கள், பெரிதைவிட மேலாக நினைக்கிறார்கள். அது வேறு இனம், ஜஸ்டிசியா பெட்டோமி. தமிழ்நாட்டு வேலியில் நிற்பது பெரும்பாலும் பெரிய வகை.

மேட்டாங்காட்டான்
சின்ன வகையா? ஐம்பது வருசமா இந்தச் செடியோட குடித்தனம் பண்றேன், கேள்விப்பட்டதே இல்ல. குச்சி கிடைக்குமா டாக்டர்? கூரியர் காசு நான் தர்றேன்.

பழையசோறு
அப்பாவைக் கூட்டிப் போனேன். சளி கொடுத்திருக்கிறோம், எக்ஸ்ரேயும் எடுத்தாயிற்று. முடிவு வரட்டும். லேகிய டப்பாவை அலமாரி மேல் தட்டில் வைத்துவிட்டேன், ஸ்டூல் போட்டு எடுக்கிறாரா பார்க்க வேண்டும்.

கொங்குச்செல்வி
அஞ்சு நாள் ஆச்சு, சொல்லிட்டுப் போலாம்னு வந்தேன். டாக்டரம்மாகிட்ட ஆடாதோடைன்னு பேரச் சொன்னேன். திட்டல. ஸ்கேன் பாத்தாங்க, துடிப்பு நல்லாருக்குன்னாங்க. "இனிமே எந்த இலையா இருந்தாலும் முதல்ல எனக்குக் காட்டு"ன்னு சொல்லி அனுப்புனாங்க. அத்தைக்குத்தான் முகமே இல்ல. தெரியாமக் குடுத்துட்டேனேன்னு ரெண்டு நாளா சரியாச் சாப்பிடல. இந்த இழையப் படிச்சுக் காட்டினேன். பிரசவத்துக்குப் பத்துப் போடுற இடம் வந்ததும், "அட ஆமா, எங்க ஆத்தா சொல்லிருக்கா, எனக்குத்தான் மறந்துபோச்சு"ன்னாங்க.

பையனுக்கு இருமல் பாதிக்கு மேல போயிருச்சு. ஆட்டை அவுத்து விட்டும் பாத்தோம். மேட்டாங்காட்டாண்ணா, எங்க ஆடு ரெண்டு இலை தின்னுருச்சுங்க.

மேட்டாங்காட்டான்
துப்புச்சா இல்லயா, அதச் சொல்லுங்க தங்கச்சி.

கொங்குச்செல்வி
துப்புச்சுங்ண்ணா.